மாருதி 800 (1997) ரன்னிங் போர்டு, ஃப்ளோர் துரு: வீட்டில் எவ்வளவு செய்யலாம்? குன்னூர்

பெட்டட்டி_800:

வணக்கம். 1997 மாருதி 800, கார்புரேட்டர் வண்டி, டிஎன் 43. கற்பூர மரத்தடியில், மண் தரையில், தார்ப்பாய் போர்த்தி இரண்டு வருஷம் ஓடாமல் நின்றது. என்ஜின், கியர் சரியாக இருக்கு. பாடி நிலவரம்:

டிரைவர் பக்கம் பெடலுக்குக் கீழே ஃப்ளோரில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் துரு. ஸ்க்ரூடிரைவரால் குத்தினதில் ஒரே ஒரு இடத்தில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. இடது ரன்னிங் போர்டில் (கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பாகம்), பின்சக்கரத்தை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் கொப்பளிச்சு நிற்குது. தட்டினால் 'டங்'னு வராமல் 'பொத்'துங்குது. வலது ரன்னிங் போர்டு கெட்டி. கதவு நாலிலும் அடி மடிப்பில் அங்கங்கே கொப்புளம். பேட்டரி தட்டு அரிச்சுப் போச்சு.

கையில் 4 இன்ச் கிரைண்டர், டிரில்லிங் மெஷின், ஹீட் கன் இருக்கு. கம்ப்ரசர் இல்லை. வெல்டிங் தெரியாது. கடையில் கேட்டால் "பட்டி போட்டு அடிச்சுக் கொடுத்துடறோம்"கிறாங்க. அடுத்த ஆர்.சி. புதுப்பிப்பு 2027ல். எதை நானே செய்யலாம், எதைக் கடைக்கு விடணும், எந்த மாசம் கை வைக்கலாம்?

கட்டபெட்டு_கேஜ்22:

பட்டி போட்டு அடிச்சா ஒரு மழை தாங்கும். ரெண்டாவது மழைக்கு அதே இடம் கொப்பளிக்கும். அந்தப் பேச்சை விட்ருங்க.

ரன்னிங் போர்டுல வெளியில தெரியிறது வெளியில ஆரம்பிச்ச துரு இல்லைங்க. அது மூடின பெட்டி. உள்ள ஈரம் நின்னு, உள்பக்கம் இருந்து தின்னுக்கிட்டே வந்து, தகடு பிளேடு மாதிரி ஆனப்புறம்தான் பெயிண்டைத் தூக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதான் கொப்புளம். வெளியில ஒரு சாண்னா உள்ள ஒண்ணரைச் சாண்னு கணக்கு வெச்சுக்கோங்க. 800க்குத் தனியா சேஸ் கிடையாது, ரன்னிங் போர்டும் ஃப்ளோரும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குது. அதனால அதுவும் ஃப்ளோர் ஓட்டையும் கண்டிப்பா வெல்டிங் வேலை. மிச்சத்துல பெரும்பாலானதை வீட்டிலயே செய்யலாம்.

முதல் வேலை கிரைண்டரை எடுக்கிறது இல்ல. தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாக்கணும். பெடலுக்குக் கீழ துருன்னா மேல இருந்து ஒழுகுது. பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழ இருக்கிற தொட்டி மாதிரி பள்ளத்துல கையை விடுங்க. கற்பூர இலையும் சில்வர் ஓக் சருகும் மக்கிப் போய், தண்ணி வெளியேறுற துவாரத்தை அடைச்சிருக்கும். நம்ம ஊர் வண்டியில பாதிக்குப் பாதி கதை அங்கதான் ஆரம்பம். வழிச்சு எடுத்துட்டு, உள்ள மேட்டை (கால் வைக்கிற விரிப்பை) உரிச்சுப் போட்டு, ஒருத்தர் கண்ணாடி அடியில குவளையால தண்ணி ஊத்த, இன்னொருத்தர் டார்ச்சோட பெடல் பக்கம் படுத்துப் பாருங்க. முதல்ல துவாரம், அப்புறம் கண்ணாடி ரப்பர் பீடிங்னு தனித்தனியா ஊத்தணும். எல்லாத்தையும் சேர்த்து ஊத்தினா எது ஒழுகுதுன்னே தெரியாது.

அடுத்து சீட்டு, மேட்டு, அதுக்குக் கீழ ஃப்ளோரோட ஒட்டியிருக்கிற தார் ஷீட்டு, எல்லாம் வெளிய வரணும். தார் ஷீட்டை ஹீட் கன்ல லேசா சூடு காட்டிப் பட்டித்தகட்டால தூக்கினா வரும். அதை மட்டும் சோம்பல்பட்டு விட்றாதீங்க. அதுக்கு அடியிலதான் நிஜமான கணக்கு இருக்கும். உங்க 'ஒரே ஒரு ஓட்டை' அங்க மூணா ஆகும், இப்பவே சொல்லி வெக்கிறேன்.

கம்பி கப் பிரஷ் போட்டு அடுக்கு அடுக்கா வர்ற துருவை எடுங்க. அப்புறம் நல்ல தகடு வர்ற வரைக்கும் சுத்தியலோட கூர்முனையால தட்டிக்கிட்டே வாங்க. நுழைஞ்சா அது ஓட்டை, நசுங்கினா அது நாளைக்கு ஓட்டை, ரெண்டையும் சாக்பீஸால வட்டம் போடுங்க. கம்பி பிரஷ் துருவைப் பளபளன்னு தேய்ச்சு இரும்பு மாதிரியே காட்டும், ஏமாந்துடாதீங்க. குழியில கறுப்பா புள்ளி நின்னா அது இன்னும் துருதான். அதை 80 நம்பர் ஃப்ளாப் டிஸ்க்ல தேய்ச்சா தகடே போயிடும். அங்க அமிலம்தான். அதை உப்புத்தாள்_220 சொல்லுவார்.

வெல்டிங்குக்குக் கொடுக்கும்போது இதையெல்லாம் வாய்விட்டுக் கேளுங்க:

கேஸ் வெல்டிங் வேண்டாம், சிஓ2 வெல்டிங் (மெஷின்ல இருந்து கம்பி தானா வர்றது). கேஸ்ல சூடு ஒரு முழத்துக்குப் பரவி ஃப்ளோர் அலை அலையா நெளியும், உள்ள இருக்கிற பெயிண்டும் எரியும். கம்பி 0.8 மி.மீ. இருந்தா போதும். ஃப்ளோருக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத இரும்புத் தகடு), அதாவது சுமார் 0.9 மி.மீ. அதைவிடத் தடிமனான 18 கேஜ் போட்டா 'கெட்டி'ன்னு பெருமையா சொல்லுவாங்க. ஆனா பக்கத்துல இருக்கிற மெல்லிசுத் தகடு வெல்டிங் சூட்டுல ஓட்டை விழும். துத்தநாகம் பூசின ஜி.ஐ. ஷீட்டும் வேண்டாம். துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது, வெல்டுலயும் குமிழ் குமிழா நிக்கும்.

அரிச்ச தகட்டை நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டி எடுக்கணும். அது மேலயே புதுத் தகட்டை ஒட்டுறது பெரிய தப்பு. ரெண்டு தகட்டுக்கும் நடுவுல பழைய துரு ஈரத்தோட குடித்தனம் பண்ணும். ஃப்ளோர்ல 10, 12 மி.மீ. மேல்படிஞ்சா போதும். படியிற இடம் ரெண்டு பக்கமும் துத்தநாக ப்ரைமர் அடிச்சுட்டு வெல்டு வைக்கணும். 25 மி.மீ.க்கு ஒரு பொட்டு, அதுவும் வரிசையா இல்லாம அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னு தாவித் தாவி. அவசரப்பட்டு ஒரே இழுப்பா இழுத்தா தகடு சுருங்கி உப்பும்.

ரன்னிங் போர்டை வெட்டுறதுக்கு முன்னாடி கதவு இடைவெளியை அளந்து எழுதி வெச்சுக்கோங்க. கதவு சட்டத்துக்குக் குறுக்க ஒரு ஆங்கிள் கட்டி, அப்புறம்தான் வெட்டணும். இல்லேன்னா வேலை முடிஞ்சப்புறம் கதவு பூட்டு ஏறாது.

தீ விஷயம் தனி. பேட்டரி ரெண்டு முனையையும் கழட்டி பேட்டரியை வெளிய வெச்சிடணும். பெட்ரோல் குழாயும் பிரேக் குழாயும் ஃப்ளோர் அடியிலதான் ஓடுது, வெல்டு வைக்கிற இடத்துல இருந்து கிளிப்பைக் கழட்டி ஒதுக்கணும். ரன்னிங் போர்டு வேலை பின்சக்கரத்தை ஒட்டின்னா டேங்க்கை இறக்கிடுறதுதான் சரி. 'காலி டேங்க்'னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பெட்ரோலைவிட அதோட ஆவிதான் ஆபத்து. முடிஞ்சப்புறம் ஒரு மணி நேரம் வண்டியை விட்டு நகரக்கூடாது. தார் ஷீட்டு மிச்சமும் சீட்டுப் பஞ்சும் உள்ளுக்குள்ளயே கனிஞ்சு மெதுவாத்தான் பிடிக்கும்.

உப்புத்தாள்_220:

வெல்டிங்கைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. நான் மாதம், அமிலம், ப்ரைமர் மூன்றும் சொல்கிறேன்.

மாதம்: குன்னூர், கோத்தகிரி பக்கம் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்கில். ஆகவே உங்களுக்கு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. அதிலும் காலை 10.30க்கு மேல் 2.30க்குள் மட்டும் பூச்சு வேலை. மூன்று மணிக்கு மூடுபனி ஏறினால் தகடு குளிர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். தகட்டின் சூடு, பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் வேலையின் பொது விதி. கருவி இல்லாமல் பார்க்க ஒரு வழி: ஈரத்துணியால் தகட்டில் ஒரு கோடு இழுங்கள். கால் மணி நேரத்தில் அது காய்ந்துவிட்டால் அடிக்கலாம். காயாவிட்டால் டப்பாவைத் திறக்காதீர்கள்.

ஷெட்டைச் சூடாக்கக் கேஸ் அடுப்பு, கரி அடுப்பு வைக்கவே கூடாது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியேறும். அது நேராக உங்கள் தகட்டில்தான் போய் உட்காரும். கரி இன்னும் மோசம், மூடிய ஷெட்டில் ஆளையே கொல்லும். 500 வாட் ஹாலஜன் விளக்கை ஃப்ளோருக்கு அடியில் ஒரு முழம் தள்ளி வையுங்கள். தகடு கைக்கு இதமாக இருந்தால் போதும்.

அமிலம்: குழியில் நிற்கும் கறுப்புத் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம். 85 சதவீத அமிலம் ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். ரப்பர் கையுறை, கண்ணாடி இரண்டும் வேண்டும். பழைய பிரஷால் பூசி, 15 முதல் 20 நிமிடம் காயவிடாமல் மேலே மேலே தடவிக்கொண்டே இருங்கள். நைலான் பிரஷால் தேய்த்து, மறுபடி ஒரு முறை. காய்ந்து பிசுபிசுப்பாக நின்றுவிட்டால் பதறாமல் அதே அமிலத்தை மேலே பூசினால் இளகும். கடைசியில் ஈரத்துணியால் இரண்டு மூன்று முறை சுத்தமாகத் துடைத்து, அப்போதே ஹீட் கன்னால் காயவையுங்கள். தகடு மங்கிய சாம்பல் நிறத்தில் வந்தால் சரியாக வந்திருக்கிறது.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமிலத்தைத் துடைக்காமல் அதன்மேலேயே எபாக்சி ப்ரைமர் அடித்தால் பிடிக்காது. எபாக்சியின் ஹார்டனர் (அதோடு கலந்து இறுகவைப்பது) காரத்தன்மை உடையது, எஞ்சிய அமிலம் அதைக் கெடுத்துவிடும். இரண்டு மாதத்தில் தோல் உரிகிற மாதிரி உரியும். 'துருவைக் கறுப்பாக்கும்' கன்வெர்ட்டருக்கும் அளவு உண்டு. மெல்லிய, கெட்டியாக ஒட்டிய துருவை மட்டும்தான் அது மாற்றும். அடுக்குத் துருவின் மேல் பூசினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் சிவப்பு அப்படியே இருக்கும்.

ப்ரைமர்: கடையில் முதலில் ரெட் ஆக்சைடைத்தான் நீட்டுவார்கள். அது ஜன்னல் கம்பிக்கு நல்லது. வண்டியின் அடிப்பகுதிக்கு, ப்ரைமரும் ஹார்டனருமாக இரண்டு டப்பாவில் வரும் எபாக்சி ப்ரைமர். கம்ப்ரசர் தேவையில்லை, 2 இன்ச் பிரஷ் போதும். ஃப்ளோரில் பிரஷ்தான் உத்தமம், குழிக்குள் அழுத்தித் தேய்க்கலாம். உள்ளும் வெளியும் இரண்டு கோட்டுக்கு 1 லிட்டர் செட் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். கலவை விகிதம் டப்பாவில் போட்டபடி, கண்ணளவில் அல்ல, அளவுக் கோப்பையில். கலந்ததும் அடிக்காமல் 20 நிமிடம் ஊறவிடுங்கள், நம் ஊர்க் குளிருக்கு அரை மணி. 10 டிகிரிக்குக் கீழே சாதாரண எபாக்சி இறுகுவது ஏறக்குறைய நின்றே போகும். டப்பாவில் உள்ள காயும் நேரம் 25 டிகிரிக்கு எழுதியது, 15 டிகிரியில் அதை இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள். இரண்டாம் கோட்டு மறுநாள். மூன்று நான்கு நாள் தள்ளிப்போனால் 180 நம்பர் தாளால் மேலாகத் தேய்த்துவிட்டு அடியுங்கள்.

பட்டி: கதவின் வெளிப்பக்கப் பள்ளத்துக்கு மட்டும். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும், அதனால் வெறும் இரும்பின் மேல் போடாமல் எபாக்சி ப்ரைமரின் மேல் போடுங்கள். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர். குளிரில் இறுகவில்லை என்று ஹார்டனரைக் கூட்டுவது இங்கே வழக்கமான தப்பு. கூடுதல் ஹார்டனர் மேல் பெயிண்ட் வரை ஊறி வெள்ளை வண்டியில் மஞ்சள் திட்டாகத் தெரியும். அதற்குப் பதில் தகட்டைச் சூடுபடுத்துங்கள்.

மேல் பெயிண்ட்டை வெளியே அடிக்கக் கொடுத்துவிடுங்கள். 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) பெயிண்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் அதற்கு ஒன்றுமே இல்லை. பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் என்றால் மூடுபனியில் பால் ஊற்றின மாதிரி வெளுத்துப்போகும். மேட்டுப்பாளையம் இறக்கிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. அதே வெள்ளையில் அடியுங்கள், நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

பெட்டட்டி_800:

ரொம்ப நன்றிங்க இரண்டு பேருக்கும். தொட்டியில் கையை விட்டேன், ஒரு பக்கெட் மக்கு. மூணு சந்தேகம். பாஸ்பாரிக் கிடைக்காவிட்டால் பாத்ரூம் ஆசிட் போடலாமா? பேட்டரி தட்டையும் அதே முறையில் செய்யலாமா? கதவு மடிப்புக்கு என்ன வழி? இன்னொண்ணு, ரன்னிங் போர்டு உள்ளே பழைய என்ஜின் ஆயில் ஊத்தச் சொல்றாங்க.

ஜீப்_மட்கார்டு:

ஆயில் ஊத்துங்க அண்ணா. எஸ்டேட் ஜீப்பெல்லாம் அப்படித்தான் ஓடுது. ஒரு லிட்டர் பழைய ஆயில், கொஞ்சம் டீசல், வருஷம் ஒரு தடவை. பைசா செலவில்ல.

கட்டபெட்டு_கேஜ்22:

தம்பி, ஜீப்பு சேஸ் மூணு மி.மீ. தகடு, 800 ரன்னிங் போர்டு ஒரு மி.மீ. கூட வராது. ஆயில் துருவைக் கொஞ்சம் நிறுத்தும், பொய்யில்ல. ஆனா பழைய ஆயில்ல அமிலமும் கரியும் கலந்திருக்கும். கீழ சொட்டி சஸ்பென்ஷன் புஷ் ரப்பரை ஊத வைக்கும். தோலுக்கும் கெடுதல், நிக்கிற இடத்துல கிணத்துத் தண்ணிக்கும் கெடுதல். முக்கியமா, ஆயில் இறங்கின மடிப்புல அப்புறம் வெல்டும் நிக்காது, ப்ரைமரும் ஒட்டாது. வெல்டிங் முடியாத வண்டியில ஊத்தவே கூடாது.

வெல்டிங்கும் பெயிண்டும் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு கேவிட்டி மெழுகு (மூடின பெட்டிக்குள்ள அடிக்கிற துருத்தடுப்பு மெழுகு) அடிங்க. நீளமான பிளாஸ்டிக் குழாய் வெச்ச ஸ்ப்ரே டப்பாவா கிடைக்குது. ரன்னிங் போர்டு துவாரம் வழியா குழாயைக் கடைசி வரைக்கும் விட்டு, அடிச்சுக்கிட்டே மெதுவா வெளிய இழுக்கணும். ஒரு பக்கத்துக்கு 500 மில்லி. கீழ் துவாரத்துல சொட்டுறது தெரிஞ்சா போதும். சொட்டி முடிஞ்சப்புறம் துவாரத்துல ஒரு கம்பியை விட்டு அடைப்பு எடுத்துடுங்க. கடையில அண்டர்கோட் (வண்டி அடியில அடிக்கிற கறுப்புப் பூச்சு) அடிக்கக் கொடுத்தா இந்தத் துவாரத்தையெல்லாம் சேர்த்து மூடிக் கொடுப்பாங்க. தண்ணி உள்ள போறது நிக்காது, வெளிய வர்றது மட்டும் நிக்கும்.

கறுப்பு அண்டர்கோட்டும் எபாக்சி மேல மட்டும்தான். துரு மேல அடிச்சா அது காயத்து மேல பிளாஸ்திரி ஒட்டினதுதான், உள்ள சீழ் வெக்கும். ஃப்ளோர் வெல்டு மூட்டுக்கு பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட்டை மேலயும் கீழயும் விரலால தடவி, அது காஞ்சப்புறம் அண்டர்கோட்.

உப்புத்தாள்_220:

பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக். துருவை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடும், ஆசையாக இருக்கும். ஆனால் குளோரைடு குழியிலும் மடிப்பிலும் தங்கி, பெயிண்டுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடற்கரை வண்டியின் நோயை மலை வண்டிக்கு நாமே வாங்கிக் கொடுத்த மாதிரி. பக்கத்தில் திறந்து வைத்த ஸ்பேனர்கூட மறுநாள் சிவந்திருக்கும். பாஸ்பாரிக் கோவையில் கெமிக்கல் கடைகளில் கிடைக்கும். இல்லையென்றால் சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம். கழற்றி ஊறவைக்க முடிகிற பாகத்துக்குத்தான் அது சரிப்படும், ஃப்ளோருக்கு வேலை மெதுவு.

பேட்டரி தட்டு: அங்கே இருப்பது கந்தக அமிலம், முதலில் அதைப் போக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா கரைத்து ஊற்றுங்கள். நுரை நிற்கும் வரை திரும்பத் திரும்ப. பிறகு கழுவி, மேலே சொன்ன வரிசைப்படி. தட்டில் ஓட்டை விழுந்திருந்தால் அதையும் வெல்டிங் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பேட்டரிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் டிரே வையுங்கள்.

கதவு மடிப்பு: வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடிந்திருக்கும். துரு அந்த மடிப்புக்குள். அதை முழுசாக எடுக்க முடியாது, தள்ளிப்போடத்தான் முடியும். கதவின் உள் அட்டையைக் கழற்றுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் பாலிதீன் தாள் கிழிந்திருந்தால் புதிது ஒட்டுங்கள், கதவுக்குள் இறங்கும் தண்ணீரைக் காருக்குள் விடாமல் தடுப்பது அதுதான். அடித் துவாரங்களைக் குத்தி விடுங்கள். மடிப்பை ஹீட் கன்னால் நன்றாகக் காயவைத்து, எபாக்சியில் 20 சதவீதம் தின்னர் கலந்து உள்பக்கமிருந்து மடிப்போரமாக ஒழுகவிடுங்கள். தகடு சூடாக இருந்தால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். அது இறுகிய பிறகு உள்ளே மெழுகு. மடிப்புக்குள் அமிலம் மட்டும் விட வேண்டாம், திரும்ப வெளியே எடுக்க வழியில்லை.

பெட்டட்டி_800:

அப்படின்னா வரிசை இப்படியா: இப்பவே ஒழுகலை நிறுத்தி, உள்ளே பிரிச்சுக் காயவிட்டு வைக்கிறது. ஜனவரியில் தேய்ச்சு வட்டம் போட்டு வெல்டிங்குக்கு விடுறது. பிப்ரவரியில் அமிலம், எபாக்சி, சீலன்ட், பெயிண்ட். கடைசியில் மெழுகு. சரியா? நடுவுல வண்டியை எங்கே நிறுத்தட்டும்?

கட்டபெட்டு_கேஜ்22:

ஒரு திருத்தம். தேய்ச்சு வெறும் இரும்பாக்கிட்டு வெல்டருக்காகக் காத்திருக்காதீங்க, நம்ம ஊர்ல ஒரே ராத்திரியில மஞ்சள் பூத்துடும். வெல்டர் நாள் சொன்னப்புறம் முந்தின நாள் தேய்ங்க. வெல்டிங் முடிஞ்சு வந்த அன்னிக்கே, இல்ல மறுநாள் மதியத்துக்குள்ள முதல் எபாக்சி விழுந்தாகணும். வெல்டு வெச்ச இடத்தோட பின்பக்கம் பெயிண்ட் எரிஞ்சிருக்கும், அதை மறக்கக்கூடாது.

நிறுத்துறது மண்ணுலயும் புல்லுலயும் வேண்டாம், தரையில இருந்து ஏறுற ஈரம் நேரா ஃப்ளோர்லதான் படியும். சிமென்ட் தரை, இல்லேன்னா கல் பாவின இடம். தார்ப்பாயைத் தூக்கிப் போட்டுட்டு, மேல தகரக் கூரை, நாலு பக்கமும் திறந்து காத்து ஓடட்டும். ஜாக்கி வைக்கும்போது இடது ரன்னிங் போர்டு பாயின்ட்ல வெச்சுடாதீங்க, உள்ள போயிடும். பின் அச்சுக்கு அடியில வெச்சு ஸ்டாண்டு கொடுங்க. நம்ம ஊர் முற்றமெல்லாம் சரிவு, அதனால தூக்காத சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க.